என் கடை இறைச்சி உன் மேசைக்கு வருகிறது

என் செல்ல மகனுக்கு வாப்பாவின் ஸலாம்.

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் நான் எப்போதும் தொடங்குவேன். இன்று அதை எழுதக் கை வரவில்லை. விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மேல் தேயிலைத் தோட்டத்து முத்துசாமி கங்காணியின் மகள் மரகதத்துக்குப் போன வாரம் கல்யாணம். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி நம் கடையிலிருந்துதான் போனது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மறுநாளே வாந்தி, வயிற்றோட்டம், குளிர்காய்ச்சல். மற்றவர்கள் ஒருவாறு எழுந்துவிட்டார்கள். மரகதம் எழவில்லை. உன்னோடு ஒரே வகுப்பில் படித்து, கணக்கில் உன்னை முந்திக்கொண்டு போவாளே, அந்த மரகதம்தான். கல்யாணப் பெண் இப்போது நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். அதே ஆட்டின் ஒரு தொடை நம் கடைக் கொக்கியில் மிச்சமிருந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து அதில் ஒரு துண்டை வெட்டிப் போத்தலில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார். அந்தப் போத்தல் கொழும்பில் நீ வேலை செய்கிற ஆய்வுகூடத்துக்கு வருகிறது. நீ இதைப் படிக்கும்போது அது உன் மேசையிலேயே இருந்தாலும் இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. இந்தக் கைகள் எத்தனையோ ஆட்டை அறுத்தவை. காட்டுப்பன்றி கடைக்குள் புகுந்தபோதுகூட நான் பின்வாங்கவில்லை என்று உன் உம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பாள். இப்போது தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து குசினிப் பக்கம் போய்விடுகிறேன். கடை பூட்டிக் கிடக்கிறது. பூட்டச் சொன்னது பரிசோதகர்தான். சொல்லாவிட்டாலும் யார் வரப்போகிறார்கள்? போன வாரம் வரை "நானா, நெஞ்செலும்பா பாத்துப் போடுங்க" என்று கொஞ்சிக்கொண்டு நின்றவர்கள், இன்று உடப்புசல்லாவைக் கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தால் நானும் அப்படித்தான் நடப்பேன்.

அந்த ஆட்டில் என்ன பிழை என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. புத்தளம் பக்கத்திலிருந்து லொறியில் வந்த ஆடு. மழையில் லொறி வழியில் நின்றுவிட்டதால் களைத்துப்போய்த்தான் வந்து இறங்கியது. ஆனாலும் கண் தெளிவாக இருந்தது, மூக்கு ஈரமாக இருந்தது, புல்லைப் போட்டதும் தின்றது. பிஸ்மி சொல்லி, தீட்டிய கத்தியால் அறுத்து, இரத்தம் முழுக்க வடியவிட்டேன். குடலைக் கிழியாமல் எடுத்தேன். சதை நல்ல சிவப்பு, கொழுப்பு நல்ல வெள்ளை, ஒரு கெட்ட வாடை இல்லை. ஈரலை அன்றைக்கே உன் உம்மா மிளகு போட்டு வறுத்தாள். நாங்கள் இருவரும் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் நீ பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வாய் என்பதும் தெரியும். "நல்லா வெந்தா அது செத்துப் போகும் வாப்பா. நீங்க தின்டு தப்பினது சாட்சியில்ல" என்பாய். படித்த பிள்ளையைப் பெற்றவனுக்கு இதுதான் கஷ்டம். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய்யை நம்ப விடமாட்டீர்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது, உன் வேலையைப் பற்றி நான் கேலியாகக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "ஒரு துண்டு இறைச்சி கெட்டதா நல்லதா என்று மோந்து பார்த்தால் தெரியாதா, அதற்கு அரசாங்கம் உனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறதா?" என்றேன். நீ கோபப்படவில்லை. குசினியில் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினாய். இறைச்சியின் மேல்பக்கத்தைச் சூடான இரும்பால் பொசுக்குவீர்களாம், கண்டவர் கைபட்ட அழுக்கு உள்ளே வந்து குழப்பாமல் இருக்க. பிறகு நெருப்பில் காட்டிய கத்தரியால் உள்சதையை வெட்டி, கொத்தி, ஒரு போத்தல் சாற்றில் போடுவீர்களாம். அந்தச் சாறு மற்ற கிருமிகளை எல்லாம் அமுக்கி வைத்துவிட்டு, நீங்கள் தேடுகிற கிருமிக்கு மட்டும் தீனி போடுமாம். "கெட்டவனுக்கு விருந்து வைத்துப் பிடிக்கிற வேலையா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "அப்படித்தான். ரெண்டு மூணு பேர் ஒளிஞ்சிக்கிட்டு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. ஊரே ஆனாத்தானே தெரியும்" என்றாய். அந்தக் கிருமிக்கு நீ சொன்ன பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. சல்மொனெல்லா என்று நீ எழுதிக் காட்டினாய். உன் உம்மா அதைப் பார்த்து, ஏதோ டின்மீன் பெயர் போல இருக்கிறதே என்றாள்.

போத்தலை உடம்புச் சூட்டில் இருக்கும் ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் அதில் ஒரு சொட்டைக் கம்பியால் எடுத்து, ஜெலி ஊற்றிய கண்ணாடித் தட்டில் கோடு கோடாக இழுப்பீர்கள் என்றாய். வளர்ந்து வருவதில் சிவப்புப் புள்ளியும் இருக்கும், நிறமில்லாத புள்ளியும் இருக்கும். "சிவப்பு நல்லது, வெளிறினது கெட்டது. என் கடையிலும் அதே சட்டம்தான்" என்று நான் துள்ளினேன். "சிவப்பு நல்லதுன்னு இல்ல வாப்பா, நாங்க தேடுறவன் அது இல்ல, அவ்வளவுதான். வெளிறினவன் மேலதான் சந்தேகம்" என்று திருத்தினாய். சந்தேகம் வந்தால் உடனே தண்டனை இல்லை. அதைச் சீனி கலந்த குழாய்களில் போட்டு, எந்தச் சீனியைத் தின்கிறான், எதைத் தொடாமல் விடுகிறான் என்று நிறம் மாறுவதைப் பார்ப்பீர்கள். கடைசியில் கண்ணாடிச் சில்லில் மருந்து நீர் ஒரு சொட்டு விட்டு அதில் கலக்குவீர்கள். பால் திரிவது போலத் திரிதிரியாக ஆனால் அவன்தான். இத்தனைக்கும் நாட்கள் ஆகும் என்றாய். அப்போது எனக்கு அது சின்னக் கதை போலத்தான் இருந்தது. இப்போது கொழும்பில் எந்தப் போத்தல் எந்த அலுமாரியில் இருக்கிறது, இன்று எந்தத் தட்டில் கோடு இழுத்திருப்பார்கள் என்று மனதுக்குள் கூடவே நடந்துகொண்டிருக்கிறேன். தெரியாமலே இருந்திருக்கலாம் போலிருக்கிறது.

அந்த முறை நீ ஒரு ஜெலித் தட்டையும் கொண்டு வந்திருந்தாய். சோப்புப் போட்டுக் கழுவிய என் விரலை அதில் அழுத்தச் சொன்னாய். நம் ஊர்க் குளிரில் அது சும்மா கிடந்தது, ஒன்றுமே வரவில்லை. நான் வெற்றி பெற்றவன் போல மீசையை முறுக்கினேன். நீ தட்டை எடுத்து அடுப்புக்கு மேலே உள்ள பரணில், சூடு மெல்லப் படுகிற இடத்தில் வைத்தாய். "வெறகடுப்புக்கு மேல பூச்சி வளக்கிறியா நீ?" என்று உம்மா கரண்டியோடு வந்தாள். அடுத்த நாள் பார்த்தால் என் விரல் பட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக முளைத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் கை கழுவும் நேரம் கூடிவிட்டது, சோப்புச் செலவும் கூடிவிட்டது.

அந்தத் தட்டை மட்டும் நீ காட்டியிருக்காவிட்டால், முந்தாநாள் கங்காணியார் சொன்னதைக் கேட்டு நான் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். அவர் கொட்டுகிற மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். கடை பூட்டியிருந்ததால் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உம்மா கொடுத்த தேத்தண்ணீரையும் தொடவில்லை.

"நானா, நாப்பது வருசமா ஒங்க வாப்பா காலத்துலேருந்து இந்தக் கடையிலதான் கறி எடுக்கிறோம். ஒங்க கறியில என்னா இருந்திச்சி? நெசத்த சொல்லிப்புடுங்க."

"கங்காணியார், அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒங்கக்கிட்ட மறைப்பனா? கறிய நான் முந்தின நாள் அந்திக்கே குடுத்தேன். ராவெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"லயத்து வீட்டுல எங்க வக்கிறது? இருக்கிற ஒரு காம்பரா பூரா சொந்தக்காரங்க. வெளிய நாயி தொல்ல. அதான் பெக்டரி மாடியில கொழுந்து தட்டுல சாக்க விரிச்சி வச்சோம். வாச்சர் நம்ம ஆளுதானே. எங்க ஊருலேயே எதமான எடம் அதானுங்களே. வெளிய குளுரு பல்லக் கிட்டுது, உள்ள கதகதன்னு இருந்திச்சி. பறிச்ச கொழுந்தே அங்க கெடாம கெடக்குது, கறிக்கி என்னா ஆகப்போவுதுன்னு நெனச்சோம்."

உனக்கு விளக்கத் தேவையில்லை, மகன். தேயிலைக் கொழுந்தை வாட்டுவதற்காக இரவெல்லாம் சூடான காற்றை அனுப்புகிற மாடி அது. வெளியே குளிரில் ஒரு மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கும். நாய்க்குப் பயந்து, மகள் கல்யாணக் கறியைப் பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்து, உங்கள் ஆய்வுகூட அலுமாரி மாதிரியான இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர்தான் எதிரி, சூடு என்றால் சுகம். மறுநாள் மழையில் விறகு நனைந்து அடுப்புப் புகைந்துகொண்டே இருந்ததாம். சாப்பாட்டுச் சபைக்கு நேரமாகிவிட்டது என்று பெரிய கறிக் கிடாரத்தை அரைவேக்காட்டிலேயே இறக்கியிருக்கிறார்கள். மரகதத்துக்கு முதல் தட்டு வைத்தார்களாம்.

நான் இதை அவரிடம் சொன்னேனா என்று கேட்பாய். சொல்லவில்லை. அந்த மனிதர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில், "நீங்கள் வைத்த இடத்தில்தான் அது பெருகியது" என்று எப்படிச் சொல்வேன்? அதோடு அது பாதி உண்மைதான். சூடு பெருக்கும், சரி. ஒன்றுமில்லாத இடத்தில் எதைப் பெருக்கும்? முதல் கிருமி அந்த ஆட்டின் குடலிலிருந்து என் கத்தி வழியாகச் சதைக்குப் போனதா, இல்லை மேலே சாக்கிலும் பலகையிலும் இருந்து ஏறியதா? இதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். மலைக்குப் போகாமல், மாடிச் சூட்டைக் காணாமல், என் கடைக் கொக்கியிலேயே குளிரில் தொங்கிய அந்தத் தொடை. அதில் கிருமி இருந்தால் கேடு என் கடையிலிருந்து போயிருக்கிறது. அது இப்போது உன் ஊரில் இருக்கிறது.

பரிசோதகர் நல்ல மனிதர்தான். துண்டை வெட்டும்போது கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து நெருப்புக் காட்டினார். தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பிளாஸ்க்கில் போட்டுப் போத்தலை அதற்குள் வைத்தார். சிங்களத்தில் எழுதிய தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கே போடுவது என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "பய வென்ன எப்பா, முதலாளி" என்று தோளில் தட்டினார். பயப்படாதே என்கிறார். பிறகு சிரித்துக்கொண்டே தமிழில், "ஒங்க மகன் அங்கதானே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தப் பேச்சு அவர் நானுஓயாவுக்குப் போய்ப் போத்தலை ரயிலில் ஏற்றும் முன்பே கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. தேங்காய்க் கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னத்துக்கு நானா கவலப்படுறீங்க? பாஸ் போடுறது ஒங்க வீட்டுப் புள்ள" என்று கண்ணடித்தார். வாங்கப் போன தேங்காயை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நான் முதலில் இந்தக் கடிதத்தை எடுத்ததே அதற்காகத்தான். வாப்பாவைக் காப்பாற்று என்று எழுதத்தான். உன் உம்மாவும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள், வாயால் கேட்கவில்லை. கடை போனால் இந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? உன் தங்கச்சிக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம், "கல்யாணப் பெண்ணைப் படுக்கவைத்த கறிக்கடைக்காரன்" வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? இதையெல்லாம் எழுதி, "நீ பார்த்துச் செய்" என்று ஒரு வரி போட்டால் போதும். உனக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுதப் போனேன், எழுத முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, மகன். பயத்தில்தான். அந்த வரியை எழுதிவிட்டால் பிறகு எனக்கு எந்தக் காலத்திலும் விடை தெரியப்போவதில்லை என்ற பயம்.

நான் கேட்பது வேறொன்று. அந்தப் போத்தலை நீ தொடாதே. உன் பெரிய ஆளிடம் போய், "இது என் வாப்பாவின் கடை இறைச்சி" என்று வாய்விட்டுச் சொல். என்னைத் தெரியாத, என் கையால் ஒரு பிடி சோறு தின்னாத ஒருவர் அந்தத் தட்டைப் பார்க்கட்டும். நீ பார்த்து "ஒன்றும் முளைக்கவில்லை" என்று எழுதினால் கடைவீதி என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும். அது போகட்டும். நானே நம்பமாட்டேன். ஒவ்வொரு நாளும் கத்தியை எடுக்கும்போது, தட்டைப் பார்த்தது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவனா, என் மகனா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீ பார்த்து "முளைத்திருக்கிறது" என்று எழுதினாலோ, வாப்பாவின் கடையைப் பூட்டினவன் என்ற பாரத்தை நீ சாகும் வரை சுமப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோழி அறுப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் அந்தக் கூட்டுக்குப் பக்கத்திலேயே போகாமல் இருந்த பிள்ளை நீ.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் ஆய்வுகூடத்தைப் பார்க்க வந்தபோது, நீங்கள் எல்லோரும் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்தேன். நுனியில் பஞ்சு இருக்கிறது என்று சிரித்தாய். கல்யாணச் சாப்பாட்டில் பாதிப் பேரைப் படுக்கவைத்த கிருமிக்கும் என் பிள்ளையின் நாக்குக்கும் நடுவில் ஒரு துண்டுப் பஞ்சுதானா? ரப்பர்க் குமிழ் ஒன்று வாங்கிக் குழாயில் மாட்டிக்கொள். மற்றவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். மேசையில் வைத்துத் தேத்தண்ணீர் குடிக்காதே. நகத்தை ஒட்ட வெட்டு. வேலைச் சட்டையோடு அறைக்குப் போய்ப் படுக்காதே. பெருநாளுக்கு நீ எனக்குச் சொன்னதையெல்லாம் உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் கடை ஆட்டிலிருந்து போன ஒன்று மரகதத்தையும் தொட்டு உன்னையும் தொட்டால் நான் எங்கே போவேன்?

முடிவு தெரிந்ததும் தந்தி அடிக்காதே. தபால் கந்தோரில் தந்தி பிரித்த கையோடு செய்தி கடைவீதிக்குப் போய்விடும். நீயே ரயிலேறி வா. நானுஓயா ஸ்டேசனில் நான் வந்து நிற்பேன். உம்மாவுக்கு முன்னால் வேண்டாம், அங்கேயே, பிளாட்பாரத்திலேயே எனக்குச் சொல். எதுவானாலும் சுற்றி வளைக்காமல் சொல். என் கடைதான் என்றால் அங்கிருந்து நேராக முத்துசாமி கங்காணியிடம் போவோம். அவருக்கு அதை மற்றவர் யாரும் சொல்லக்கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். என் கடை இல்லை என்றாலும் அங்கேதான் போவோம். அப்போது அந்த மாடியைப் பற்றி அவரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு கல்யாணம் வரும், இன்னொரு மழையும் வரும். அதைச் சொல்லும்போது நீ என் பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வெகுநேரம் வாசலில் நின்றேன். கங்காணியார் என்னைக் கண்டதும் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். கட்டிலில் அந்தப் பிள்ளை கிடக்கிறாள். கையில் கல்யாண மருதாணி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது, உதடு மட்டும் வெடித்து உலர்ந்திருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்த உதட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் பிழைத்துவிட்டால், அந்தத் தட்டில் என் பெயரே முளைத்தாலும் நான் தாங்கிக்கொள்வேன், மகன். பிழைக்காவிட்டால், தட்டில் ஒன்றுமே முளைக்காமல் போனாலும் நான் இனிக் கத்தியைத் தொடப்போவதில்லை. இதை உன் உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

துஆச் செய்.

உன் வாப்பா